சோகா என்றால் சோகம் இல்லை

என் மகள் அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னபோது மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பள்ளி ஆண்டு விழாவில் சோகா பாட்டுக்கு ஆடப்போவதாக மகள் அறிவித்தாள். மாமியாரின் கை நின்றுவிட்டது.

"ஆண்டு விழாவுல போயி எதுக்கு சோகப் பாட்டு? நல்லதா ஒண்ணும் கெடைக்கலையா?"

"சோகம் இல்ல அப்பாயி. சோகா. குதிச்சு ஆடற பாட்டு."

எதையும் சரியாக விளக்கிவிடவேண்டும் என்ற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. "அதுலயே ரெண்டு வகை இருக்கு அத்தை. சோகா ஒண்ணு, சட்னி சோகா ஒண்ணு" என்றேன்.

மாமியார் கீரைக் காம்பை ஓரமாகப் போட்டார். "சட்னி சோகம் நம்ம வீட்லயும் உண்டு. தினம் காலையில இட்லித் தட்டப் பாத்ததும் உன் மாமா பாடுவாரே."

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனார் தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிரித்தேன். ஆனால் அந்தப் பாட்டை மகள் தேர்ந்தெடுக்கவில்லை, நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவளுக்காகத் தேர்ந்தெடுத்தேனா, எனக்காகவா என்ற சந்தேகம் அப்போதே இருந்தது.

சோகா டிரினிடாட் தீவின் பாட்டு. டிரினிடாட் என்றால் மாயவரம் பக்கத்தில் எங்கள் குத்தாலத்தில் பலருக்குப் புரியாது. வெஸ்ட் இண்டீஸ் என்று சொன்னால் புரிந்துவிடும், கிரிக்கெட்டின் புண்ணியத்தில். என் கணவர் அங்கே எரிவாயு ஆலை ஒன்றில் பொறியாளர். மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் நாங்களும் போய்ச் சேர்ந்தோம். அவள் பேசக் கற்றதே அங்கேதான். அவளைப் பள்ளியில் சேர்க்கிற வயது வந்தபோது, தமிழ் படிக்கட்டும், தாத்தா அப்பாயியோடு வளரட்டும் என்று நானும் அவளும் திரும்பி வந்தோம். கணவரின் ஒப்பந்தம் முடியவில்லை, அதனால் அவர் அங்கேயே இருக்கிறார். எல்லாருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு என்றுதான் சொல்வேன். ஆனால் முதலில் பேச்சை எடுத்தது நான். அதனால் மகள் பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு வரும் ஒவ்வொரு நாளும் அந்த முடிவு என் தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் தமிழ் பேசினால் வாக்கியத்தின் கடைசிச் சொல் மேலே ஏறி நிற்கும். அங்கத்திய ஆங்கிலத்தின் இழுப்பு அது. வகுப்பில் அதைத் திருப்பிச் சொல்லிக்காட்டிச் சிரித்தார்கள். அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரே ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவரின் மகள். மதியம் இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள் என்று மகள் சொன்ன அன்றுதான் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இந்த ஊரில் அவளுக்குச் சேர்ந்த ஒரே சிநேகிதி அந்தக் குழந்தைதான்.

டிரினிடாட்டில் எனக்கு வாய்த்த சிநேகிதி அடுத்த வீட்டு அக்கா. முதல் நாள் வேலிக்கு அந்தப்புறம் அவரைப் பார்த்தபோது மாயவரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த யாரோ என்று நினைத்துத் தமிழிலேயே பேசிவிட்டேன். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவருடைய பாட்டிக்குப் பாட்டி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவராம். எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் தொலைந்துபோய்விட்டது. 'மதராசி' என்ற அடையாளம் மட்டும் குடும்பத்தில் மிச்சம். அக்கா ஒரு சின்ன ரொட்டிக் கடை வைத்திருந்தார். அவருடைய கணவர் லாரி ஓட்டுவார். வார இறுதியில் ஒரு பாட்டுக் குழுவில் இரும்பு வாசிப்பார். இரும்பு என்றால் நிஜமாகவே இரும்புதான். லாரியின் பழைய பிரேக் டிரம்மை முக்காலியில் வைத்து இரண்டு கம்பிகளால் அடிப்பது. எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டிச் சுரம் பேசவைத்த ஊர் அது. பிரேக் டிரம் எம்மாத்திரம்.

அந்த ஊர்ப் பாட்டு எப்படி உருமாறி வந்தது என்பதை நான் அக்காவின் அடுப்படியில்தான் கற்றேன். அவர் மாவு பிசைந்துகொண்டே சொல்வார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில்தான் எழுத முடியும். முதலில் கலிப்சோ இருந்தது. ஒருவர் மேடையில் நின்று ஊர் நியாயத்தைப் பாட்டாக வைப்பார், அமைச்சரையும் விடமாட்டார். பிறகு வெளிநாட்டுப் பாட்டுகள் வந்து ரேடியோவைப் பிடித்துக்கொண்டன. இனி கலிப்சோ அவ்வளவுதான் என்று பயந்தபோது, கரும்புத் தோட்டத்து இந்தியர் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த டோலக்கின் நடையை அதற்குள் இறக்கி வேகம் கூட்டினார்கள். அதுதான் சோகா. சட்னியின் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பாகப் பெண்கள் மட்டும் கொல்லைப்புறத்தில் கூடி, ஆண்களை விரட்டிவிட்டு, மாப்பிள்ளையையும் மாமியாரையும் கிண்டல் செய்து பாடிய பாட்டு அது. காரசாரமாக இருந்ததால் சட்னி. கொல்லையில் இருந்தது மைக் வைத்த மேடைக்கு வந்தபோது பெரியவர்கள் திட்டினார்களாம். மேடையில் அது சோகாவைச் சந்தித்தது. சட்னி சோகா பிறந்தது.

"இப்போ என் மகன் அதுல ஆப்பிரிக்காவோட புதுப் பாட்டு, கம்ப்யூட்டர் தாளம் எல்லாத்தையும் போட்டுக் கலக்கறான். இவர் தலையில அடிச்சுக்கறார். இவர் அப்பாவும் இவரைப் பார்த்து அப்படித்தான் அடிச்சுக்கிட்டார்" என்பார் அக்கா.

ஒருமுறை நான் கொஞ்சம் பெருமையாக, டோலக் எங்கள் நாட்டிலிருந்து வந்ததுதானே என்றேன். அக்கா மாவுக் கையை என் பக்கம் நீட்டினார். "தோல் உங்க ஊருது. அடி எங்களோடது."

அதன்பிறகு எதைக் கேட்டாலும் அந்தப் பதில் நினைவுக்கு வரும். பெருமை எனக்கு இல்லாமல் போகவில்லை. யாருடைய உழைப்புக்காகப் பெருமைப்படுகிறேன் என்று மட்டும் பார்த்துக்கொள்ளக் கற்றேன்.

அவர்களுடைய திருவிழாவில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் உச்சத்தில் பாடகர் கூட்டத்துக்குக் கட்டளை போடுவார், கையில் இருக்கும் துணியை எடுத்துச் சுழற்றுங்கள் என்று. ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் மேலே போகும். கைக்குட்டை, கொடி, சட்டை, எது கிடைத்தாலும் சரி. என் கணவர் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த வெள்ளைத் துண்டை எங்கள் மகள் அவர் தோளில் உட்கார்ந்து சுழற்றுவாள். அப்போது அவள் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை இங்கே வந்தபின் நான் பார்க்கவில்லை. அதனால்தான் பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் புதிதாக ஏதாவது சொல்லுங்கள் என்று தலைமை ஆசிரியர் பெற்றோரிடம் கேட்டபோது, யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். யோசிக்காமல் நான் செய்த காரியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அக்காவின் கணவர் தங்கள் குழுவின் பாட்டு ஒன்றைச் சுருக்கி அனுப்பினார். பிரேக் டிரம்மைக் குழந்தைகளே அடிக்கட்டும் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். எங்கள் டிராக்டர் கொட்டகையில் பழைய பிரேக் டிரம் ஒன்று கிடந்தது. மாமியார்தான் அதைத் தேடி எடுத்துச் சாணித்தூளும் துருவும் போகப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். "இடுப்ப ரொம்ப ஆட்டவேணாம்னு சொல்லு. மத்ததெல்லாம் சரி" என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

ஆட எட்டுக் குழந்தைகள் சேர்ந்தார்கள். நர்ஸின் மகள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். பாட்டின் ஆங்கிலம் புரியாது என்பதால், அந்தக் கட்டளை வரியை மட்டும் தமிழில் எழுதி மகளிடம் கொடுத்தேன். கைக்குட்டை என்று போட மனம் வரவில்லை. எங்கள் பக்கத்து விழாவில் ஆண்கள் எல்லாரும் துண்டோடுதான் வருவார்கள். அதனால் இப்படி எழுதினேன்: தோள்ல கெடக்கற துண்ட எடுங்க. எடுத்து மேல சுத்துங்க.

நல்ல வரி என்று நினைத்தேன். தாளத்தில் அப்படியே உட்கார்ந்தது.

சனிக்கிழமை ஒத்திகை. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த நான்கைந்து அம்மாக்கள் வேப்ப மரத்தடியில் நின்றோம். மகள் தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு அந்த வரியை உரக்கச் சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் குரல் தயங்காமல் வெளியே வந்தது. நான் அதை மட்டுமே கேட்டேன். என் பக்கத்தில் நின்ற நர்ஸ் வேறொன்றைக் கேட்டார்.

"யாருங்க எழுதினது இது?"

"நான்தான் சிஸ்டர். நல்லாருக்கா?"

"எங்கப்பா வருவாரு விழாவுக்கு. மொத வரிசையில ஒக்காருவாரு, கஞ்சி போட்ட துண்டு போட்டுக்கிட்டு. உங்க வீட்டுப் பொண்ணு மைக்கப் புடிச்சு அவர துண்ட எடுங்கன்னு சொல்லும். அவரும் எடுக்கணும். அதானே?"

"எல்லாரையும்தானே சிஸ்டர் சொல்றோம்…"

"எல்லாரையும் யாரும் அப்படிச் சொன்னதில்லங்க. எங்கள மட்டுந்தான் சொன்னாங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் திருச்சியில் வளர்ந்தவள். அப்பா வங்கி வேலை. மிராசுதார் வாசலுக்கு வருகிற கூலி ஆட்கள் தோளில் துண்டு போடக்கூடாது, போட்டிருந்தால் எடுத்து இடுப்பில் கட்டவேண்டும் அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவேண்டும் என்ற பழைய வழக்கத்தை நான் படித்திருக்கிறேன். படித்ததற்கும் நான் எழுதிய வரிக்கும் நடுவே எந்தக் கம்பியும் ஓடவில்லை. என் மாமனாரின் அப்பா மிராசுதார். நர்ஸின் அப்பா அந்த நிலங்களில் நாற்று முடி சுமந்தவர்.

"என் பொண்ணு இதுல வேணாம்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். அந்தக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

என் மகள் பாட்டிலை இன்னும் வாயருகே பிடித்திருந்தாள். "அம்மா, அவ திங்கக்கெழமை வருவால்ல?"

திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பா பாதி மீந்து வந்தது. சிநேகிதி வேறு பெண்களோடு உட்கார்ந்துவிட்டாளாம், அவள் அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறாராம். அதைச் சொன்னபோது மகளுடைய கடைசிச் சொல் மேலே ஏறவில்லை. அவளாகவே அதைத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

பாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மன்னிப்புக் கேட்டதாகுமா, ஓடிப்போனதாகுமா? அன்று மாலை மாமனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார். பிறகு அந்தக் கையை அங்கிருந்து எடுத்துவிட்டார்.

"எங்கப்பா காலத்துல இருந்துச்சும்மா. நான் யாரையும் சொன்னதில்ல." அதோடு இதையும் சொன்னார்: "சொல்றத கேட்டிருக்கேன். சும்மா நின்னுருக்கேன்."

மறுநாள் சாயங்காலம் அக்காவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அங்கே காலை, கடையில் முதல் ரொட்டி சட்டியில் இருந்தது. முழுவதையும் சொல்லி முடித்தேன். வரியை எடுத்துவிட்டால் பாட்டு பாழாகிவிடுமே என்று புலம்பினேன்.

"நீ கவலைப்படறதைப் பார்த்தா யாரோ சம்பளம் கொடுக்கறாங்கன்னு தோணுது" என்றார் அக்கா. "அந்த வரி என்ன வேதமா? என் வீட்டுக்காரர் குழு ஊருக்கு ஊர் அதை மாத்தும். மழையில குடைம்பாங்க. பள்ளிக்கூடத்துல கைம்பாங்க. மேடை ஏறுறதுக்கு முன்னால கூட்டத்து கையில என்ன இருக்குன்னு பார்க்கணும். அதுதான் வேலையே. பாட்டு நாங்க குடுத்தது. கூட்டம் உன்னோடது. கூட்டத்தைப் போய்க் கேளு."

கேள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நர்ஸின் தெருவுக்குள் நுழைவதற்குள் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நின்றேன். இரண்டு முறையும் மகள் என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து, "வாங்க" என்றார். அவருடைய அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்பாக ஏதேதோ ஆரம்பித்தேன். வாக்கியம் எதுவும் முடியவில்லை. அவர் கைப்பேசியை அணைத்துவிட்டு என் மகளைப் பார்த்தார்.

"வெஸ்ட் இண்டீஸ்லேர்ந்து வந்த புள்ளையா? அந்தக் காலத்துல ரேடியோவுல அவங்க பௌலிங்க கேக்கறதுக்குன்னே நான் டீக்கடைக்குப் போவேன். எங்க, பாடு."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு முழுப் பாட்டையும் பாடினாள், ஆங்கிலக் கட்டளையோடு. அடுத்த அறையிலிருந்து அவள் சிநேகிதி வந்து கதவோரம் நின்று, தெரிந்த இடங்களில் கால் போட்டாள்.

"கடைசியில துண்ட என்ன பண்ணணுங்கறே?" என்று கேட்டார் அவர்.

"மேல தூக்கி சுத்தணும் தாத்தா."

"அதச் சொல்லு. எடுன்னா எடுக்க மாட்டேன், பாத்துக்க. ஏத்துன்னு சொல்லு. கொடி ஏத்துற மாதிரி. நாங்க கூலிக்காரங்க சங்கம் வச்சு கொடிய ஏத்தினப்பறந்தான் இந்தத் துண்டு தோளுக்கு ஏறுச்சு. ஏத்துங்கன்னு சொன்னீன்னா எந்திரிச்சு நின்னே ஏத்துவேன்."

துண்ட ஏத்துங்க. நான் மனத்துக்குள் தாளம் போட்டுப் பார்த்தேன். என் வரியைவிடச் சின்னது. நெடில் நீண்டு நிற்க இடம் இருந்தது.

நர்ஸ் டீ டம்ளரை என் முன் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "வார்த்தைய மாத்திட்டா ஆச்சா? சொல்றது யாருங்கறது இருக்குல்லப்பா. இவங்க வீட்டுப் பொண்ணு சொல்லி நீங்க ஏத்துறதும் எனக்குப் புடிக்கல. சொல்றதா இருந்தா என் பொண்ணு சொல்லட்டும்."

நியாயம் என்று உடனே தோன்றியது. என் மகளின் உதடு துடிப்பதையும் பார்த்தேன். மைக்கில் அவள் சொல்ல இருந்த ஒரே வரி அது. அவள் குரல் திரும்பி வந்ததே அந்த வரியில்தான். விட்டுக்கொடு என்று நான் சொல்லவேண்டுமா? சொன்னால் அவள் மனத்தில் என்ன தங்கும்?

"அது என்னோட லைன்" என்றாள் மகள், மெதுவாக.

கதவோரம் நின்ற சிநேகிதிதான் அதைத் தீர்த்தாள். "நீ இங்கிலீஷ்ல சொல்லு. நீ சொல்றது ஒருத்தருக்கும் புரியாது. அப்பறம் நான் தமிழ்ல சொல்றேன். ரெண்டு பேருக்கும் மைக்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அதை மறைத்தார். மகள் யோசித்தாள். "நான் முடிக்கறதுக்கு முன்னால நீ ஆரம்பிக்கக் கூடாது" என்றாள்.

"நீ இழுக்காம முடிச்சா ஆரம்பிக்க மாட்டேன்."

ஒருவர் கூப்பிட, இன்னொருவர் பதில் சொல்ல, அந்தத் தீவின் பாட்டு முழுவதும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று அக்கா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மிச்சமிருந்தது தலைமை ஆசிரியர். அவருக்குக் கவலை வேறு திசையிலிருந்து வந்தது. "துண்டுன்னா கலர் வரும்மா. கலர் வந்தா கட்சி வரும். கட்சி வந்தா எனக்கு மேலேர்ந்து போன் வரும். வெள்ளைத் துண்டு மட்டும்தான்னு அறிவிச்சிடுங்க." மைக் செட்காரர் விழா அன்று மதியத்திலிருந்தே அதை அறிவித்துக்கொண்டிருந்தார். துண்டு என்ற சொல் அத்தனை முறை ஒலிபெருக்கியில் கேட்டதில், எதற்கென்று தெரியாமலே பலர் துண்டோடு வந்தார்கள். பச்சைத் துண்டு, சிவப்புத் துண்டு, கரை போட்டது, குளியலறைத் துண்டு எல்லாம் வந்தன.

மேடைக்குப் பக்கவாட்டில் நான் நின்றேன். நர்ஸ் என் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது. பீப்பாய் வாத்தியத்தின் இனிப்பான ஒலி மைதானத்தில் பரவியபோது கூட்டம் முதலில் ஏதோ சினிமாப் பாட்டு என்று எண்ணிக் காத்திருந்தது. டோலக் இறங்கியதும் சில கால்கள் ஆடின. எங்கள் டிராக்டரின் பிரேக் டிரம்மை ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஒரு அடிகூடத் தப்பவில்லை. கலிப்சோவும் கல்யாண வீட்டுக் கொல்லையும் எண்ணெய்ப் பீப்பாயும் கம்ப்யூட்டரும் சேர்ந்த ஒன்றில், குத்தாலத்து வயல் சேற்றில் ஓடித் தேய்ந்த இரும்பும் சேர்ந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் சந்தேகம் எதுவும் படவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மகள் முன்னால் வந்தாள். ஆங்கிலத்தில் கட்டளையைச் சொன்னாள், கடைசிச் சொல்லை உச்சிக்கு ஏற்றி. யாருக்கும் புரியவில்லை. சிரிப்பும் வரவில்லை, ஏனென்றால் தாளம் அந்த ஏற்றத்தைத்தான் கேட்டது. அவள் சிநேகிதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"துண்ட… ஏஏஏத்துங்க."

முதல் வரிசையில் நர்ஸின் அப்பா எழுந்தார். கஞ்சி போட்ட துண்டு விறைப்பாக இருந்ததால் முதலில் சுழலவில்லை, பலகைபோல் நின்றது. உதறினார். பிறகு சுழன்றது. அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையாக எழுந்தார்கள். பச்சையும் சிவப்பும் வெள்ளையும் மேலே போயின. துண்டு இல்லாத பெண்கள் முந்தானையைப் பிடித்து ஆட்டினார்கள். தலைமை ஆசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கை கலர்களைப் பார்க்காமல் இருக்கவா, வெயில் இல்லாத நேரத்தில் நன்றாகப் பார்க்கவா என்று எனக்குத் தெரியவில்லை.

என் மாமனார் உட்கார்ந்தே இருந்தார். மாமியார் அவர் தோளிலிருந்த துண்டை இழுத்து அவர் கையிலேயே திணித்தார். "ஏத்துங்கன்னு புள்ளைங்க சொல்லுதே, காதுல விழலையா?" என்றது எனக்கே கேட்டது. அவர் எழுந்ததைப் பார்த்தேன். எவ்வளவு உயரம் ஏற்றினார் என்று பார்க்கவில்லை. நான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் இருந்தது. கூடவே, கூட்டம் தன் சொல்லுக்கு அசைகிறது என்று கண்ட ஒரு புதுத் திமிரும்.

"அழாதீங்க, சத்தம் வீடியோவுல பதிவாவுது" என்றார் நர்ஸ்.

"நீங்களுந்தான் சிஸ்டர்."

"நான் ஒண்ணும் அழல. தூசி."

நான் பெருமைப்பட்டேன். இன்னும் படுகிறேன். என் மகள் ஆடியதற்காக மட்டும் இல்லை. அந்த வரி நான் எழுதியது இல்லை என்பதற்காகவும். ஒரு பெரியவரின் சொல், இரண்டு குழந்தைகளின் ஒப்பந்தம், ஒரு நர்ஸின் கோபம், இவை சேர்ந்துதான் அது உருவானது. புதுப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று அக்காவின் அடுப்படியில் கேட்டதை, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது நேரிலேயே பார்த்தேன்.

வீடியோவை அன்றே அக்காவுக்கு அனுப்பினேன். பதில் ஒன்றும் வராததால், அவர்கள் பாட்டைக் கெடுத்துவிட்டோமோ என்று என் வழக்கப்படி கவலைப்பட ஆரம்பித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு குரல் செய்தி வந்தது. அக்காவின் கணவரும் மகனும் குழுவும். அந்தச் சொல் அவர்கள் அனைவருக்கும் பிடித்துவிட்டதாம். ஒத்திகையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தாளமும் பிரேக் டிரம்மும் பின்னால் முழங்க: "தூண்டா எத்து! தூண்டா எத்து!"

அப்போது நர்ஸின் மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தார்கள்.

"எத்துன்னா ஒதைக்கறதுல்ல. துண்ட ஒதைங்கன்னு பாடறாங்க" என்றாள் அவள்.

மகள் என் கைப்பேசியைப் பிடுங்கிப் பதில் பதிவு செய்தாள். "அங்கிள், எத்து இல்ல. எத்துன்னா கிக். ஏ…த்து. நீளமா." அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி மைக்குக்குள் தலையை விட்டு, "துண்டா இல்ல, துண்ட. தூண்டாவும் இல்ல" என்று கத்தினாள். நான் முடிக்கல, நீ ஏன் வந்தே என்று ஒரு சண்டை நடந்தது. அதுவும் பதிவாகிக் கடல் கடந்து போனது.

அங்கே இரவு. இருந்தும் பதில் சீக்கிரமே வந்துவிட்டது. இந்த முறை குழு முழுதும் அந்த நெடிலை நான்கு அடிக்கு இழுத்திருந்தது. இரும்பு அதன் கீழே ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக் கைப்பேசியில் காதைக் கொடுத்துக் கேட்டார்கள், வாய்ப்பாடு ஒப்புவிக்க வைக்கும் டீச்சர்களைப்போல.

"இப்ப பரவால்ல. ஆனா கொஞ்சம் லேட்டா வர்றாங்க" என்றாள் நர்ஸின் மகள்.

"அவங்க அப்படித்தான் வருவாங்க. அங்க அதான் கரெக்ட்" என்றாள் என் மகள், கடைசிச் சொல் கூரை வரைக்கும் ஏற.

"சரி, இன்னொரு தடவ போடு."